ஆறாவது குரல்

கீபோர்டுக் கட்டைகளில் தூசி இருக்கும், துடைத்துவிடுகிறேன். நீங்கள் உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

உங்கள் காரில் பின்சீட்டு முழுக்க ஸ்பீக்கர் பெட்டி போலிருக்கிறதே. அப்படியானால் இதை முன்சீட்டில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். மரப்பெட்டி செல்லரித்துப் போய்விட்டது. துணி உறைதான் இருக்கிறது. நெட்டுக்கு நிறுத்தினால் நிற்கும். நாகர்கோவில் வரைக்கும் தாங்கும்.

விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அதில் நமக்குள் தகராறு வராது. முதலில் எனக்கு ஒரு காது வேண்டும். சிரிக்காதீர்கள். போன மாதம் டாக்டர் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஒன்றை மாட்டினார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார். நானும் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "ஆரம்பிங்க டாக்டர்" என்றேன். "முடிஞ்சிருச்சுங்க" என்றார்.

நீங்கள் பேசுவது கேட்கிறது. இசை கேட்கிறது. மெல்லிய வித்தியாசம்தான் கேட்பதில்லை. முப்பத்துமூன்று வருஷமாக ஒரு வித்தியாசத்தைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு மாதமாக அது இல்லை. அது போய்விட்டதா, என் காது போய்விட்டதா? அது தெரிந்தாக வேண்டும். விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டேனே, அது பொய்யில்லை. விற்கத்தான் போகிறேன். ஆனால் நல்ல காது உள்ள ஒருவர் வந்து இதன் முன்னால் உட்கார வேண்டும் என்பதும் இருந்தது.

எங்கே என்ன கேட்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். சொன்னால் கேட்டுவிடுவீர்கள். இப்போதைக்கு ஆன் செய்ய வேண்டாம். எட்டுக் குரல் விஷயம் உங்களுக்குத் தெரியும், நாலு கீபோர்டு வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் சொல்கிறேன். நான் சொல்லிப் பழகிய மாதிரி சொன்னால்தான் எனக்கு வரும்.

வெளியே அறுபத்தொரு கட்டை. உள்ளே பாடுகிறவர்கள் எட்டுப் பேர்தான். அறுபத்தொரு பேர் இல்லை. ஒரு கட்டையை அழுத்தினால் அந்தக் கட்டைக்கென்று ஆள் கிடையாது. வரிசையில் யார் முறையோ அவரை அனுப்பும். முதல் அழுத்தலுக்கு முதல் ஆள், அடுத்ததற்கு இரண்டாவது ஆள். எட்டு முடிந்தால் மறுபடி முதல் ஆள். ஒரே கட்டையை எட்டுத் தடவை அழுத்தினால் எட்டுப் பேரும் வந்து அதே சுரத்தைப் பாடிவிட்டுப் போவார்கள். எல்லாரும் ஒரே மாதிரி பாடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

எட்டையும் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒன்பதாவது கட்டையை அழுத்தினால்? அங்கேதான் விஷயம். யார் ரொம்ப நேரமாகப் பாடிக்கொண்டிருக்கிறாரோ அவரை நிறுத்திப் புதுக் கட்டைக்கு அனுப்பிவிடும். பழைய கட்டையில் உங்கள் விரல் அப்படியே இருக்கும். சத்தம் இருக்காது. கேட்கிற யாருக்கும் தெரியாது. அத்தனை சத்தத்தில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும்? இதை அநியாயம் என்று சொல்ல முடியாது சார். இடம் அவ்வளவுதான்.

பெனடிக்ட் மெல்லிசைக் குழு. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஒரு காலத்தில் இந்தத் தூத்துக்குடியிலிருந்து உவரி வரைக்கும் எந்தக் கோயில் திருவிழாவானாலும் பத்தாம் நாள் கச்சேரி எங்களுடையதுதான். பெனடிக்ட் நான்தான். என்னிடம் ஆர்மோனியம் மட்டும் இருந்த காலத்திலேயே முதலில் வந்து சேர்ந்தவள் பிரகாசி. உப்பளத்துக்காரர் வீட்டுப் பெண். தனியாகப் பாட்டுப் பாடமாட்டாள். மற்றவர்கள் பாடும்போது பின்னால் நின்று ஹம்மிங் கொடுப்பாள். ஒன்பது வருஷம் அதுதான் செய்தாள். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. சுரத்தில் நேராகப் போய் நிற்கமாட்டாள். ஒரு இழை தாமதமாக வருவாள், ஒரு இழை மேலே தொடுவாள், பிறகு இறங்கி உட்காருவாள். திருத்திப் பார்த்தேன். "சரிண்ணே" என்பாள். மறுநாளும் அப்படியேதான் வருவாள்.

தொண்ணூற்றொன்றில் என் மைத்துனன் கப்பலிலிருந்து இறங்கும்போது சிங்கப்பூரிலிருந்து இதைக் கொண்டுவந்தான். இதே அறையில் பிரித்தோம். இதில் ஒரு சத்தம் உண்டு, பெண்கள் கூட்டமாக ஹம்மிங் கொடுப்பது போல. அதை அழுத்தியதும் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ட்ரம்ஸ் வாசிக்கிற லூர்து, "ஏ பிரகாசி, ஒனக்கு ஜப்பான்ல இருந்து எட்டுத் தங்கச்சி வந்திருக்காவ, பாரு" என்றான். அவளும் சிரித்தாள். காதைக் கிட்டத்தில் கொண்டுவந்து கேட்டாள்.

"நம்மள மாதிரியேதாண்ணே இருக்கு. ஆனா மூச்சே எடுக்கலியே. எப்பண்ணே இவளுவ மூச்சு வாங்குவாளுவ?"

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டாள்.

அந்த வருஷத் திருவிழாக் காலத்தில்தான் எல்லாம். ஆகஸ்டில் ஆரம்பித்து ஏழு ஊர். முதல் ஊரிலேயே எனக்குச் சிக்கல் தெரிந்துவிட்டது. இது எட்டுக் குரலில் சுத்தமாக நிற்கிறது. இவள் மேலே தொட்டுவிட்டு இறங்குகிறாள். இரண்டும் ஒட்டவில்லை. யாரையாவது நிறுத்த வேண்டும். மிக்ஸரில் உட்கார்ந்திருந்த பையனிடம் அவள் மைக்கின் சத்தத்தைக் கீழே இறக்கச் சொன்னேன். முழுவதுமாக. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மனசு கஷ்டப்படும். நான் அவளுக்கு நல்லதுதான் நினைத்தேன். மேடையில் நிற்கிறாள், பட்டுச்சேலை கட்டியிருக்கிறாள், பாடுகிறாள். ஏழு ஊரிலும் பாடினாள். வெளியே போகவில்லை, அவ்வளவுதான்.

கடைசி ஊர் புன்னைக்குடி. கச்சேரி முடிந்து அங்கேயே படுத்து எழுந்து, விடிந்த பிறகு கிளம்பினோம். வழியில் தேரிக்காட்டுக்குள் ஒரு விலக்கு வரும், கிளைச்சாலை பிரிகிற இடம். புன்னைக்குடி விலக்கு என்பார்கள். சுற்றிலும் செம்மண், பனை, ஒரு டீக்கடை. டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே அவள் இறங்கிக்கொண்டாள்.

அதற்கு அப்புறம் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

இல்லை, செத்துப்போனாளா என்று தெரியாது. யாருக்கும் தெரியாது. டீக்கடைக்காரர் ஒன்பது மணிக்கு அவள் மைல்கல்லில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். பதினொன்றரைக்கு பஸ் வந்தபோது அந்தக் கல்லில் யாரும் இல்லை. இடையில் அந்த ரோட்டில் என்ன போயிற்று, யார் போனார்கள், தேரிக்குள் நடந்தாளா, எதுவும் தெரியாது.

தண்ணீர் குடிக்கிறீர்களா? செம்பு உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது.

மூன்றாம் நாள்தான் எங்களுக்கே தெரிந்தது. அவளுடைய அண்ணன் சிங்கராயன் இதோ இந்த வாசலில் வந்து நின்றான். "அண்ணே, பிரகாசி ஒங்க வீட்லயா இருக்கா?" என்றான். நான் அவள் வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். வீட்டில் நாங்கள் அடுத்த ஊருக்குப் போயிருக்கிறோம் என்று நினைத்திருந்தார்கள். மூன்று நாள் சார். இரண்டு பக்கமும் யாரும் தேடவில்லை.

ஸ்டேஷனில் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். என்ன சேலை கட்டியிருந்தாள் என்று கேட்டார்கள். லூர்து நீலம் என்றான். இன்னொருவன் ரோஸ் என்றான். எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் என் பின்னால் நின்றவள். பின்னால் நிற்பவர்களை நாம் எங்கே பார்க்கிறோம்?

எதற்காக அங்கே இறங்கினாள் என்று கேட்டார்கள். "அவளே இறங்கிக்கிட்டா சார்" என்றேன். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் காட்டில் ஒரு பெண் எதற்காகத் தானாக இறங்குவாள் என்பது போலப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "யாரோ வாரதாச் சொன்னா" என்றேன்.

இது மட்டும்தான் நான் சொன்னது. வேறு ஒன்றும் சொல்லவில்லை. யாரோ என்றுதான் சொன்னேன், ஆண் என்றுகூடச் சொல்லவில்லை. மீதியை ஊர் சேர்த்துக்கொண்டது. லாரிக்காரன் என்றார்கள், கேரளாக்காரன் என்றார்கள். ஸ்டேஷனில் அதோடு மூடிவிட்டார்கள். அவள் அம்மா, "அவ பேரை இந்த வீட்ல எடுக்காதிய" என்று சொல்லிவிட்டு சுவரில் இருந்த படத்தைக் கழற்றிவிட்டாள். தேடவில்லை. ஓடிப்போனவளை யார் தேடுவார்கள்?

சரி, கீபோர்டுக்கு வருகிறேன்.

ஊருக்கு வந்து இரண்டு வாரத்தில் இதில் கோளாறு வந்தது. ஒரு கட்டை சுருதி விலகியது. எந்தக் கட்டை என்று பார்த்தால் அதே கட்டை அடுத்த முறை சரியாக இருக்கும். வேறொன்று விலகும். ஒவ்வொரு தடவையும் வேறு இடம். மெக்கானிக் சண்முகவேல் இரண்டு நாள் உட்கார்ந்து அறுபத்தொரு கட்டையையும் கழற்றிச் சுத்தம் செய்தார். பிறகு ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தி எண்ணிப் பார்த்தார். "கட்டைல ஒண்ணுமில்ல சார். உள்ள எட்டுல ஒண்ணு இப்படிப் பண்ணுது. அது எந்தக் கட்டைக்குப் போகுதோ அங்க கேக்குது. அதான் ஊர் சுத்துது" என்றார்.

என்ன பண்ணுகிறது என்று கேட்டேன்.

"ஒரு இழை லேட்டா வருது சார். கொஞ்சம் மேல போயி, அப்புறம் இறங்கி நிக்கிது."

தண்ணீர் பட்டிருக்கும் என்றார். படவே இல்லை என்றேன். என்னிடம் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன், ஒரு துளி படவில்லை. வேனின் மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தோம். டீக்கடையில் நிற்கும்போது தூறல் போட்டது. தார்ப்பாயில் ஓட்டை இருந்தது எனக்குத் தெரியும். உடனே கீபோர்டுப் பெட்டியை இறக்கி உள்ளே வைக்கச் சொல்லிவிட்டேன். சீட்டில். பிறகு எப்படித் தண்ணீர் படும்?

ஆமாம் சார். சீட்டில்தான்.

காலி சீட்டு இல்லை. அவள் முகம் கழுவப் போயிருந்தாள். அவள் சீட்டில் வைத்தோம்.

இறங்கிக்கொண்டாள் என்றா சொன்னேன்? முகம் கழுவ இறங்கினாள். அது உண்மை. திரும்பி வந்து பார்த்தால் சீட்டில் பெட்டி இருக்கிறது. யாராவது ஒருவர் பஸ்ஸில் வர வேண்டியதுதான். யாரைச் சொல்வது? பாடுகிறவர்களைச் சொல்ல முடியுமா? மறுநாள் ஊரில் அவர்களுக்கு மட்டும் ஒத்திகை இருந்தது. லூர்துவைச் சொன்னால் சண்டைக்கு வருவான். ரொம்ப நாளாகக் கூட இருப்பவளிடம்தானே உரிமையாகச் சொல்ல முடியும்?

"பத்து நிமிசத்துல பஸ் வரும், வந்துரு" என்றேன். பஸ் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. அவள் கோபப்படவில்லை. முகத்தில் இன்னும் தண்ணீர் இருந்தது. வேனுக்குள், பக்கத்து சீட்டில் இருந்த செல்வியை எட்டிப் பார்த்தாள்.

"மடியில வச்சிக்கிடுதேண்ணே. நானும் செல்விக்காவும் சேர்ந்து மடியில வச்சிக்கிடுதோம்."

"கனம் தாங்கமாட்டே" என்றேன்.

அப்போதுதான் அதையும் கேட்டாள். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். "அண்ணே, எம் மைக்குல ஏதோ கோளாறு போல. ஏழு ஊரா எனக்கே நான் கேக்கல" என்றாள். நான், "ஊர்ல போயிப் பாப்போம்" என்றேன். வேன் ஓட்டுகிற இசக்கி வண்டியை எடுத்தான். சின்ன வண்டி, ஜன்னல் தாழ்வாக இருக்கும். அவள் கை ஜன்னல் விளிம்பில் இருந்தது. வண்டி நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் இருந்தது. கூடவே நடந்து வந்தாள். நான் ஏதோ மறந்துவிட்டுச் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பாள். வேனில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. லூர்து ஏற்கெனவே தூங்கிவிட்டான். திருச்செந்தூர் தாண்டுவதற்குள் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தோம். அவள் இல்லாதது தெரியவே இல்லை சார். அதுதான் எனக்கு.

சண்முகவேலிடம் அந்த ஒன்றை எடுத்துவிடச் சொன்னேன். பிடுங்கி ஒரு தாளில் மடித்துக் கையில் கொடுத்தார். இத்தனூண்டு சிப், எட்டுக் கால் வைத்த பூச்சி மாதிரி. அதோடு விட்டது என்று நினைத்தேன். ஆனால் கீபோர்டுக்கு அதைப் பிடுங்கியது தெரியாது. வரிசையில் அந்த முறை வந்ததும் அங்கேதான் அனுப்புகிறது. ஆள் இல்லை. எட்டு சுரத்துக்கு ஒரு சுரம் வெறுமையாக விழுகிறது. ஒரு கல்யாண மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறேன், விரல் அழுத்துகிறது, ஒன்றும் வரவில்லை. அடுத்த ஏழு வருகிறது. மறுபடி ஒன்றும் இல்லை. எங்கே விழும் என்று தெரியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டேன். பாட்டு போய்விட்டது, எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது. பாதியில் எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சண்முகவேல் வீட்டுக்குப் போய் அதைத் திரும்ப வைக்கச் சொன்னேன். "விலகினாப் பரவாயில்லையா சார்?" என்றார். பரவாயில்லை என்றேன். குழுவை அந்த வருஷமே கலைத்துவிட்டேன். அதற்கப்புறம் தினமும் காலையில் ஆன் செய்வேன், ஒரே கட்டையை எட்டுத் தடவை அழுத்துவேன், அணைப்பேன். பாட்டு வாசிப்பதில்லை. என் மனைவி இருந்தவரை, "ஜெபமாலை உருட்டியாச்சா?" என்று கேட்பாள்.

சிங்கராயனைப் பற்றிச் சொல்லவில்லையே. அவன் மட்டும் நம்பவில்லை. அம்மா செத்த பிறகு உப்பள வேலையை விட்டுவிட்டு அந்த விலக்கிலேயே ஒரு பெட்டிக்கடை போட்டுக்கொண்டான். இசக்கிதான் வந்து சொன்னான். கடையில் வண்டி நிறுத்துகிற ஓட்டுநர்களிடம் எல்லாம், "இந்த வழில ரொம்ப வருசமா ஓட்டுதியளா?" என்று கேட்பானாம். ஆமாம் என்றால் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பேசுவானாம். இன்னும் கேட்கிறான். நான் அந்த ரோட்டில் போவதில்லை. சொந்த அக்கா மகள் கல்யாணம் உடன்குடியில் நடந்தது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

சரி. இப்போது ஆன் செய்யுங்கள். அந்தச் சிவப்புப் பொத்தான். ஒரு நிமிஷம் விடுங்கள், சூடாக வேண்டும். ஆன் செய்த பிறகு முதலில் அழுத்துவதுதான் ஒன்று. நடுவில் எந்தக் கட்டையாவது, உங்கள் இஷ்டம். ஒவ்வொன்றையும் முழுக்கப் பிடித்துவிட்டு எடுங்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

ம்.

ம்.

எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் அழுத்துங்கள்.

என்ன நிறுத்திவிட்டீர்கள்?

எத்தனையாவது?

சொல்லுங்கள் சார். ஆறா? ஆறு என்றா சொன்னீர்கள்? இந்தக் காதுப் பக்கம் வந்து சொல்லுங்கள். வேறு கட்டையில் பாருங்கள். மேலே. அதில் இரண்டு அழுத்தி இந்தச் சுற்றை முடியுங்கள், அதற்கப்புறம் எட்டு எண்ணுங்கள்.

மறுபடி ஆறுதானா? அப்படியானால் அது இருக்கிறது.

அழவில்லை சார். கண்ணில் எனக்கு எப்போதும் இப்படித்தான் தண்ணீர் வரும்.

என்ன சொன்னீர்கள்? சின்ன வேலைதானா? இப்போது புதிதாகக் கிடைக்கிறதா, அந்தப் பூச்சி? மாற்றினால் எட்டும் ஒன்றுபோல ஆகிவிடுமா? செய்யுங்கள். உங்கள் பொருள், சரிசெய்யத்தான் வேண்டும். அதற்கு முன்னால் ஒரு ஆள் இதைக் கேட்க வேண்டும். அவனுக்கு அவள் குரல் தெரியும். நீங்கள் திருச்செந்தூர் வழியாகத்தானே போகிறீர்கள்? அந்த விலக்கு உங்கள் வழியில்தான் வரும். கடையில் மின்சாரம் இருக்கும், பத்து நிமிஷம்தான்.

சரிதான் நீங்கள் கேட்பது. இதைக் கேட்டு அவன் என்ன செய்வான். கம்பியும் ஈயமும் போடுகிற சத்தம். சிரித்தாலும் சிரிப்பான்.

அப்படியானால் இது வண்டியிலேயே இருக்கட்டும். நான் மட்டும் இறங்கிக்கொள்கிறேன். யாரும் வருவதாக அவள் சொல்லவில்லை. அவளாக இறங்கவில்லை. இந்த இரண்டும் போதுமே. இத்தனை வருஷம் அவன் ஓட்டுநர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவன் கேட்க வேண்டிய ஆள் நான் இந்த அறையில் எட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதற்கப்புறம் அவன் அடித்தாலும் சரி, ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாலும் சரி. நீங்கள் நிற்க வேண்டாம், போய்விடுங்கள். பஸ் இருக்குமா என்று கேட்காதீர்கள்.

முன்சீட்டில் இதை வைத்தால் நான் எங்கே உட்காருவது என்று பார்க்கிறீர்கள். நீங்கள் போங்கள், நான் பின்னால் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லலாம். சொன்னால் வரமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கொடுங்கள் சார். மடியில் வைத்துக்கொள்கிறேன். கனமா? ஒன்றும் இல்லை. நீங்களே ஒரு கையால் தூக்கிப் பாருங்கள்.